முழங்கையின் முறையீடு

மழைக்காலத்தில் மம்பட்டியை விடாமல் அப்பிக்கொண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் பாரத்தைக் கூட்டுவதும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து இறுகி, ஓங்கிய கடப்பாரையைக் கல்லைப்போல் எதிர்த்து உதறுவதும் எங்கள் கயத்தாற்றுக் கரிசல் மண்ணின் குணம். இம்மண்ணில் பாடுபடுகிறவனுடைய பலம் முழுவதும் அவன் கைப்பிடியில் இருக்கிறது. கைப்பிடியின் வேரோ முழங்கையில் இருக்கிறது.

சென்ற கோடையில், கரிமூட்டத்துக்காக வேலிக்கருவை வெட்டிப் பிழைக்கும் ஒருவர், கடைத்தெருவில் தேநீர் டம்ளரை வலக்கையால் எடுக்கமாட்டாமல் முகம் சுளித்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டதைக் கண்டேன். "கோடாலியப் பிடிச்சா வலிக்கிறது நியாயம்; இந்த டம்ளரைத் தூக்கினாலுமா உசுரு போகணும்?" என்றார் அவர்.

அவருடைய கேள்விக்கு விடை சரீரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. விரல்கள் எதையேனும் இறுகப் பற்றும்போது மணிக்கட்டு உள்நோக்கி மடிந்துவிடாதபடி இழுத்து நிறுத்தும் வேலை, முன்கையின் புறப்பக்கத்துத் தசைகளுடையது. அத்தசைகளிற் பலவும் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில், விரல் நுனியால் மூடிவிடக்கூடிய ஒரு சிறு இடத்தில், தசைநாணாகத் திரண்டு பற்றியிருக்கின்றன. ஆதலால் கோடாலியானாலும் டம்ளரானாலும், பற்றும் பாரம் அந்த ஒரு புள்ளிக்கே போய்ச் சேருகிறது. கமலை வடம் உராயும் இடத்தில் புரி புரியாக நைந்துபோவதைப் போலவே, ஓய்வின்றித் திரும்பத் திரும்ப இழுபடும் இந்த நாணும் இழை இழையாக நைகிறது. வடம் தானாகப் புரியேறாது; நாணோ உயிருள்ளதாகையால், அவகாசம் கொடுத்தால் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும்.

இந்த உபாதைக்கு 'டென்னிஸ் முழங்கை' என்று பெயர். 1873-இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதனை வர்ணித்தது எழுதுகிறவர்களின் கை நோவைப் பற்றிய ஆராய்ச்சியில்தான். டென்னிஸின் பெயர் அதன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சச்சின் டெண்டுல்கர் 2004-இல் இதனால் ஆட்டத்தை விட்டு விலகியிருந்து, 2005-இல் லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது நம் நாட்டில் இப்பெயர் பிரசித்தமாயிற்று. ஆனால் இதனால் வருந்துகிறவர்களிற் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவர்கள். இதே தேய்மானம் முழங்கையின் உட்புற முனையில் நேர்ந்தால் அது 'கோல்ஃப் முழங்கை'. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறவர்களையும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகில் கடலையைப் போட்டு இடைவிடாது கிளறுகிறவர்களையும் ஒத்த தொழிலாளருக்கு அது வரக்கூடும்.

இவை இரண்டும் வலிக்கும் நோய்கள். ஆனால் வலிப்பதைக் காட்டிலும் மரத்துப்போவதற்கே நாம் அதிகம் அஞ்சவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முழங்கை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்கிறதே, அது உட்புற எலும்பு முனைக்குப் பின்னே, தோலுக்கு வெகு சமீபத்தில், ஒரு குறுகிய பள்ளத்தின் வழியே ஓடும் அல்நர் நரம்பின் குரல். கையை மடக்கும்போதெல்லாம் இந்நரம்பு இழுபட்டு நெருக்குண்கிறது. கையை மடித்துத் தலைக்கு அணை கொடுத்து உறங்குவது, நெடுநேரம் கைப்பேசியைக் காதோடு பிடித்திருப்பது, மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றியே வேலை செய்வது ஆகிய பழக்கங்களால் முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரக்கும். அதை அசிரத்தையாக விட்டால் பிடி தளரும். நாளடைவில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள சதை வற்றிக் குழிவிழும். இதைக் கண்டறிய, ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்துக்கொள்ளச் செய்து, வைத்தியர் அதை உருவுவார்; நரம்பு நலிந்திருந்தால், காகிதத்தை விடாதிருக்கக் கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடங்கும்.

இதே நரம்பைத் தொழுநோயும் முழங்கைக்குச் சற்று மேலே தடிக்கச் செய்து கெடுக்கும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், அவ்விதம் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி மீண்டும் உழைக்கும் சக்தியை அளித்தார். ஆகவே, மரத்துப்போதலோடு தோலில் உணர்ச்சியற்ற தேமலும் காணப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே செல்லவேண்டும். தொழுநோய்க்கு மருந்து அங்கே இலவசம்.

நாண் நோவுக்குப் பரிகாரம் பெரும்பாலும் பொறுமையே. வலியைத் தூண்டும் வேலையைக் குறைப்பதும், மெல்லிய காம்பில் துணி சுற்றிப் பருமனாக்குவதும், வெளிப்புற முனையில் வலியானால் உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பாரம் தூக்குவதும், சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்திப் பழகுவதும் பிரயோஜனமானவை. ஓராண்டுக்குள் பலர் குணமடைகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தந்தாலும், பல மாதங்கள் கழித்துப் பார்க்கையில் ஊசி போடாதவர்களே மேலாக இருக்கிறார்கள். நரம்பு நெருக்குண்டவர்கள் இரவில் முழங்கை மடியாதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுப்பது நல்லது. ஆனால் மரப்பு நீடித்தாலோ, பிடி தளர்ந்தாலோ வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடலாகாது.

ஐப்பசியில் அந்தக் கரிமூட்டக்காரரை மறுபடி கண்டேன். கோடாலிக் காம்பில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. டம்ளர் வலக்கையில் இருந்தது. "வலி எப்படி?" என்று கேட்பதற்கு முன்னால், "சுண்டுவிரல் மரக்கிறதா?" என்று கேட்டேன். அவர் விரலை ஆட்டிக் காட்டி, இல்லையென்று தலையசைத்தார்.