அப்பாவோட ஆர்எக்ஸ் 100... பழையபடி மீட்பதா, புதுசா மாற்றுவதா?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் இந்த ஏற்றம், எந்த வண்டிக்கும் ஒரு பரீட்சைதான். 98 சிசி, 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை என்று வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு மலைச்சாலை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே அறிமுகப்படுத்திய இந்த வண்டியின் தயாரிப்பு 1996-ல் நின்றது. மவுசு மட்டும் குறையவே இல்லை.

வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் அந்த வண்டியை வைத்துதான் இப்போது பஞ்சாயத்து. ‘இருந்தபடியே சரிபண்ணு’ என்பார் அப்பா. ‘கஃபே ரேசரா மாத்திடலாம்ப்பா’ என்பான் மகன். யார் சொல்வது சரி?

சைலன்சரில் கை வைக்காதீங்க!

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர், சத்தத்தைக் குறைக்க மட்டுமல்ல. எரியாமல் வெளியேறும் பெட்ரோல் கலவையை, அதற்குள் எழும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும். ஏற்றத்தில் இழுவை குறையும்.

ஆயில் பம்ப் இருக்கட்டும்

பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகும். பிஸ்டன் ஜாம் ஆகலாம். பம்ப் இருந்தால், இன்ஜின் சுற்றும்வரை கொஞ்சமாவது ஆயில் போகும்.

மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிரம் பிரேக், தொடர் இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக் மாட்ட ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால், குறுக்கே சட்டம் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பெயின்ட் நிறத்தை மாற்றினால்கூட ஆர்சி-யில் பதிய வேண்டும்.

2021-ல் வந்த ‘வின்டேஜ்’ பதிவு விதியும் இதற்குக் கைகொடுக்காது. அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அது 2035-ல்தான். அப்போதும் வண்டி அசல் வடிவில் இருந்தால்தான் அந்தத் தகுதி!

ஆக, சீட் உறை, டயர், புது பிரேக் ஷூ, கேபிள்... இதெல்லாம் மகன் இஷ்டம். சைலன்சர், ஆயில் பம்ப், சேஸிஸ் மூன்றும் அப்பா சொன்னபடியே இருக்கட்டும். கழற்றும் ஒரிஜினல் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு அதைத் தேடி அலைவதும் மகன்தான்!