பத்து சென்ட் பயங்கரம்

'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்ற அமெரிக்கத் திகில் காமிக்ஸில் 17-ஆம் எண் இதழ் இரண்டு உண்டு. ஒன்று 1950 செப்டம்பர்-அக்டோபரில் வந்தது, மற்றது 1953 ஜனவரி-பிப்ரவரியில். பெயரும் பதிப்பகமும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கதைகள் வேறு, சந்தை விலையும் வேறு. 15, 16 ஆகிய எண்களுக்கும் இதே கதிதான். பழைய திகில் காமிக்ஸ் சேகரிக்க இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அட்டையில் உள்ள எண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பது. அட்டையின் உள்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் பதிப்பாளர் விவரம் இருக்கும். மாதமும் வருடமும் அங்கே கிடைக்கும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தபால்துறை. அமெரிக்காவில் பத்திரிகைகளுக்குச் சலுகைத் தபால் கட்டணம் இருந்தது. ஆனால் புதிய பெயரில் தொடங்கும் ஒவ்வொரு இதழுக்கும் தனியாக அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, ஓடிக்கொண்டிருக்கும் இதழின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணைத் தொடர்வார்கள். 'கன்ஃபைட்டர்' என்ற கௌபாய் காமிக்ஸ் 14-ஆம் இதழோடு நின்று, 15-ஆம் இதழில் பேய்க்கதைப் புத்தகமாகிவிட்டது. மூன்று இதழ்கள் அப்படி வந்தபின், எண்ணைத் திருத்தி நான்காவது இதழுக்கு 4 என்றே போட்டார்கள். அப்படியே எண்ணிக்கொண்டு போனதில் 15, 16, 17 மறுபடியும் வந்தன. அந்தக் கால காமிக்ஸ்களில் படமே இல்லாத இரண்டு பக்க உரைநடைக் கதை ஒன்று தவறாமல் இருக்கும். அதுவும் தபால் சலுகைக்காகப் போட்டதுதான். அதைப் படித்த சிறுவர்கள் எத்தனை பேர் என்பது பேய்களுக்கே வெளிச்சம்.

அமெரிக்காவில் முழுக்க முழுக்கத் திகில் கதைகளுக்கென்றே வந்த முதல் காமிக்ஸாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ஏவன் பதிப்பகத்தின் 'ஈரி' (ஜனவரி 1947). அது ஒரே இதழோடு நின்றது. 1948-இல் தொடங்கிய 'அட்வென்சர்ஸ் இன்டு தி அன்னோன்' தொடர்ந்து வந்தது. இந்த வகையைக் கொடிகட்டிப் பறக்கவைத்தது ஈ.சி. என்ற சின்ன நிறுவனம். அதை நிறுவிய மாக்ஸ் கெய்ன்ஸ் 1947-இல் படகு விபத்தில் இறந்துபோக, பொறுப்பு மகன் வில்லியம் கெய்ன்ஸ் தலையில் விழுந்தது. அவரும் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டீனும் 1950-இல் மூன்று திகில் இதழ்களைக் கொண்டுவந்தார்கள்: 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' (முதல் மூன்று இதழ்களில் இதன் பெயர் 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்'), 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்'. ஒவ்வொன்றிலும் ஒரு கோரமான கதைசொல்லி வந்து வாசகரை நக்கலடித்தபடியே கதையைத் தொடங்குவார். எட்டுப் பக்கம் அல்லது அதற்கும் குறைவு. கெட்டவன் கடைசிக் கட்டத்தில் தான் செய்த அதே விதத்தில் அடி வாங்குவான்.

ஓவியர்களுக்காகவே இவற்றைத் தேடுகிறவர்கள் உண்டு. கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த முகங்கள் மெழுகு உருகுவதுபோல் வழியும். அவர் 'கேஸ்ட்லி' என்றே கையெழுத்துப் போட்டார். ஜானி கிரெய்கின் கோடுகள் சுத்தமானவை, அதனாலேயே இன்னும் பயங்கரமானவை. வண்ணம் சேர்த்தவர் மேரி செவரின். விற்பனை சூடுபிடித்ததும் மற்ற பதிப்பகங்களும் களத்தில் குதித்தன. ஹார்வி நிறுவனம், பின்னாளில் மார்வெல் ஆன அட்லஸ், ஒரு வருடம் தாங்காத சில்லறை நிறுவனங்கள் என்று கடைகள் நிரம்பின. விலை 10 சென்ட். சேகரிப்பாளர்கள் 'பிரீ-கோட்' என்று சொல்வது இந்த 1940-களின் கடைசியிலிருந்து 1955 தொடக்கம் வரையிலான புத்தகங்களைத்தான். இப்போது பெரிய பணம் புரள்வதும் இங்கேதான்.

அந்த 'கோட்' எப்படி வந்தது? ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைகளுக்கான மருத்துவமனை நடத்தியவர், நல்ல காரியங்களும் செய்தவர், காமிக்ஸ்தான் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று பல வருடங்கள் பேசிவந்தார். 1954-இல் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசன்ட்' என்ற புத்தகம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில், இளைஞர் குற்றங்களை விசாரித்த செனட் துணைக்குழுவின் முன் கெய்ன்ஸ் தாமாகவே போய்ச் சாட்சி சொன்னார். செனட்டர் கீஃபாவர் 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22-ஆம் இதழைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடாரி, மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. இது நாகரிகமான அட்டையா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டை என்ற அளவில் நாகரிகமானதுதான் என்றார் கெய்ன்ஸ். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்திருந்தால்தான் அநாகரிகம் என்றும் விளக்கினார். நேர்மையான பதில்தான், ஆனால் அந்தச் சபையில் எடுபடவில்லை. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

அரசாங்கம் சட்டம் எதுவும் போடவில்லை. பயந்துபோன பதிப்பாளர்களே சங்கம் அமைத்து, அக்டோபர் 1954-இல் 'காமிக்ஸ் கோட்' என்ற விதிகளை வகுத்துக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரக் கூடாது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், எழுந்து நடக்கும் பிணம் எதுவும் கூடாது. அட்டை மூலையில் சங்கத்தின் முத்திரை இல்லாத புத்தகத்தை விநியோகஸ்தர்கள் எடுக்கவே தயங்கினார்கள். ஈ.சி.யின் மூன்று திகில் இதழ்களும் 1955 தொடக்கத்துக்குள் நின்றன. கெய்ன்ஸுக்கு மிஞ்சியது நகைச்சுவை இதழான 'மேட்'. 1955-இல் அதைப் பெரிய அளவுப் பத்திரிகையாக மாற்றினார். கோட் காமிக்ஸ் புத்தகங்களுக்குத்தான், பத்திரிகைக்கு இல்லை. பிரிட்டனிலோ 1955-இல் நாடாளுமன்றச் சட்டமே வந்துவிட்டது.

வெர்தாமின் ஆவணங்கள் 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றைப் படித்த கரோல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர், சிறுவர்களின் வயதை மாற்றியும் வாக்குமூலங்களை வெட்டி ஒட்டியும் வெர்தாம் எழுதியிருப்பதை 2012-இல் எடுத்துக்காட்டினார். இதைவிட வேடிக்கை, அவர் திட்டிய இதழ்களுக்கே இன்று கிராக்கி அதிகம். 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' 19-ஆம் இதழில் ஜாக் டேவிஸ் வரைந்த பேஸ்பால் கதை ஒன்று உண்டு. இறந்தவனின் குடலையே மைதானக் கோடாகப் போட்டு ஆடுவார்கள். வெர்தாம் அதை எடுத்துப் போட்டதால் அந்த இதழ் புகழ்பெற்றது. விலைப் பட்டியல்களில் அவர் புத்தகத்தில் இடம்பெற்ற இதழ் என்று தனிக் குறிப்பே போடுகிறார்கள். அவருடைய புத்தகத்தின் முதல் பதிப்பும் இப்போது சேகரிப்புப் பொருள். பல பிரதிகளில் பதிப்பாளர்களின் பெயர்கள் அடங்கிய கடைசித் தாளை வெட்டியெடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் இருக்கும் பிரதிக்குக் கூடுதல் விலை. ஒழிக்கப் பார்த்தவர்தான் இந்தச் சந்தைக்கு முதல் விளம்பரதாரர்.

சரி, ஒரு பிரதி கைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் முதுகை. மடிப்பில் இரண்டு ஸ்டேப்பிள் பின்கள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள தாளும் பழுப்பேறி இற்றிருக்கும். அட்டை பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நடுப்பக்கம். அது ஒரே தாள் என்பதால் சுலபமாகக் கழன்று காணாமல் போகும். வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் செருகியும் விற்பார்கள். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், விளம்பரக் கூப்பனை எந்தச் சிறுவனாவது கத்தரித்திருக்கிறானா என்றும் பாருங்கள். பின்பக்கத்துக் கதையின் கடைசிக் கட்டம் அதோடு போயிருக்கும். அட்டையின் மேல் பகுதி இல்லாத பிரதிகளும் நிறைய வரும். விற்காத பிரதிக்குப் பதிலாகத் தலைப்புப் பட்டையை மட்டும் வெட்டி அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். மிச்சத்தைக் குப்பையில் போடாமல் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களின் கைவேலை அது.

பிறகு தாளின் நிறம். மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாள் காகிதம் அது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாகி, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறும். பழுப்பு பரவாயில்லை. புரட்டும்போது ஓரம் உதிர்ந்தால் அந்தப் பிரதியை எடுக்காதீர்கள். காகிதத்தின் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தாலும் திரும்பாது.

ஏமாற்று வேலை பெரும்பாலும் பழுதுபார்த்ததை மறைப்பதில்தான். தேய்ந்த முதுகில் கறுப்பு மார்க்கர் பேனாவால் தொட்டிருப்பார்கள். அட்டையின் உள்பக்கம் மை ஊறித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்தை நறுக்கிச் சீராக்குவது இன்னொன்று. 1950-களின் காமிக்ஸ் இன்றையதைவிட அகலம். ஓரம் கத்திபோல் நேராக இருந்து அளவும் குறைந்தால் நறுக்கியிருக்கிறார்கள். ஈ.சி. இதழ்கள் 1970-களிலும் 1990-களிலும் அதே அட்டையோடு மறுபதிப்பு கண்டன. அவை போலியல்ல, ஆனால் அசல் என்று விற்பவர்கள் உண்டு. அட்டையில் 10 சென்ட் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்தத் தலைவலிக்காகத்தான் 2000-இல் சி.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனம் வந்தது. புத்தகத்தை அனுப்பினால் 0.5 முதல் 10.0 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். லேபிள் நீலம் என்றால் சாதாரணப் பிரதி, ஊதா என்றால் பழுதுபார்த்தது. விலையுயர்ந்த பிரதியைக் கண்ணால் பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவருக்கு இது நல்ல பாதுகாப்பு. படிக்க மட்டும் முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. பணம் போடுகிறவருக்கு அது போதும். கதைக்காக வாங்குகிறவருக்கு என் ஓட்டு 2.0, 3.0 மதிப்புள்ள, பெட்டியில் போடாத, முழுப் பிரதிக்குத்தான். வெர்தாம் காலத்துச் சிறுவன் ஒருவன் கட்டிலுக்கடியில் ஒளித்துப் படித்த புத்தகம் கசங்கித்தான் இருக்கும்.

பிரீ-கோட் கைக்கு எட்டாதவர்களுக்கு 1960-70-கள் இருக்கின்றன. ஜேம்ஸ் வாரன் 1964-இல் 'கிரீப்பி'யைக் கறுப்பு-வெள்ளைப் பத்திரிகையாக வெளியிட்டு, கெய்ன்ஸின் அதே வழியில் 'கோட்' விதிகளைத் தாண்டினார். பல இதழ்களுக்கு ஃபிராங்க் ஃப்ரசெட்டாவின் அட்டை. 1971-இல் விதிகள் தளர்ந்ததும் காட்டேரிகள் திரும்பின. மார்வெலின் 'டூம் ஆஃப் டிராகுலா' 1972-இல் வந்தது. சில முக்கிய இதழ்களைத் தவிர இந்தக் காலத்துப் பிரதிகள் நிறையவே கிடைக்கின்றன, விலையும் நடுத்தரக் குடும்பம் தாங்கும். முதல் புத்தகமாக இவற்றில் ஒன்றைத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால், ஈ.சி. கதைகளை மறுபதிப்பில் படித்துவிடுங்கள். மற்றச் சில்லறைப் பதிப்பகங்களின் இதழ்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால், டிஜிட்டல் காமிக் மியூசியம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த ஓவியர் உங்களுக்குப் பிடிக்கிறார் என்று தெரிந்துகொண்டு அவரை மட்டும் துரத்தினால் கைக்காசு மிஞ்சும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது தபால் செலவும் சுங்கமும் சேரும் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது நம் ஊரில் தனிப் பாடு. ஈரப்பதம் அதிகம், ராமபாணப் பூச்சிக்கும் குறைவில்லை. மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையும், அமிலமில்லாத அட்டையும் வாங்கி, புத்தகத்தை அதில் வைத்துப் பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை நாள்பட்டால் மஞ்சளாகும், அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, பரண், சமையலறைப் பக்கம் மூன்றும் வேண்டாம். அந்துருண்டை போடாதீர்கள், வாடை ஏறினால் இறங்காது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். கிழிசலைவிட அதன் கறைதான் மதிப்பைக் குறைக்கும்.

இவையெல்லாம் அமெரிக்கப் புத்தகங்களுக்கு மட்டுமல்ல. சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸ், பிறகு வந்த லயன், திகில், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்கள் எல்லாமே அதே ஜாதி மலிவுக் காகிதம்தான். வார இதழ்த் தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டு செய்யும் நம் வீட்டு வழக்கத்தில், இவற்றையும் மொத்தமாக பைண்டிங் கடையில் கொடுத்துவிடுகிறோம். அங்கே மூன்று ஓரத்தையும் வெட்டி, முதுகில் தையல் போட்டு, பசை தடவிவிடுவார்கள். அப்புறம் அது சேகரிப்புப் பிரதி இல்லை. பரணில் கிடந்தால் இந்த வாரமே இறக்கி, தூசி தட்டி, உறையில் போடுங்கள். பைண்டிங்குக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.