கடையில் ஒருவர் வழுக்கி விழுந்தால்...

சிங்கப்பூரில் மளிகைக் கடையோ உணவுக் கடையோ நடத்தும் எவருக்கும் இது நேரலாம். ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுகிறார், கை முறிகிறது. சில மாதங்கள் கழித்து, இழப்பீடு கேட்டு வழக்கறிஞரின் கடிதம் வருகிறது. "நம் கடையில்தானே விழுந்தார்" என்று சிலர் முழுப் பழியையும் ஏற்றுக்கொள்கிறார்கள். "பார்த்து நடக்காதது அவர் குற்றம்" என்று சிலர் கடிதத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டத்தில் முடியலாம்.

கடையில் விழுந்தார் என்பதற்காக மட்டும் கடைக்காரர் பொறுப்பாளியாகிவிட மாட்டார். இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பும் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள் அடங்கும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் கூறியது. ஆகவே, விபத்தைத் தடுக்க அவர் நியாயமான கவனம் எடுத்துக்கொண்டாரா என்பதே முக்கியக் கேள்வி.

அதற்குச் சான்று வேண்டும். இங்கிலாந்தில் டெஸ்கோ பேரங்காடிக்கு எதிரான வழக்கில் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. தரையில் சிந்திக் கிடந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்திருந்தார். நாள்தோறும் ஐந்தாறு முறை தரையைப் பெருக்குவதாகக் கடைத் தரப்பு சொன்னது. ஆனால், விபத்துக்குச் சற்றுமுன் தரை எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பதற்கு அதனிடம் சான்று இல்லை. கடை தோற்றது.

எனவே, தற்காப்பு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, கடையிலேயே தொடங்குகிறது. சுத்தம் செய்த நேரத்தை எழுதிக் கையொப்பமிடும் அட்டவணை தேவை. தரை ஈரமாக இருந்தால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். விபத்து நடந்தால், கேமராப் பதிவு அழியுமுன் அதைப் பிரதியெடுத்து, சாட்சிகளின் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். காயமடைந்தவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது மனிதநேயம். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் "பணம் தருகிறேன்" என்று வாக்களிக்குமுன் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிப்பது அவசியம். அதன் சம்மதமின்றிப் பொறுப்பேற்றால் காப்புறுதியே கைவிட்டுப் போகலாம்.

"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை மட்டும் காப்பாற்றாது. கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை அறிவிப்புப் பலகை வைத்துத் தட்டிக்கழிக்க, நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைச் சட்டம் வணிகர்களை அனுமதிப்பதில்லை.

காலக்கெடுவும் முக்கியம். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கோரிக்கை மனு சிங்கப்பூரில் கையளிக்கப்பட்டால், எதிர்த்து வழக்காடும் எண்ணத்தை 14 நாளிலும் எதிர்வாதத்தை 21 நாளிலும் பிரதிவாதி தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், விசாரணையின்றியே அவருக்கு எதிராகத் தீர்ப்பு வரக்கூடும்.

விழுந்தவர் கைபேசியில் மூழ்கி எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் நடந்திருந்தால், அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம். பழைய மூட்டுவலியையும் புதிய காயத்தோடு சேர்த்திருக்கிறார்களா என்பதை மருத்துவ அறிக்கைகளைக் கொண்டு ஆராயலாம்.

காயமடைந்தவருக்கு உரியது கிடைக்க வேண்டும். கடைக்காரரும் உரியதற்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. அந்த அளவை நிர்ணயிப்பதில், அன்றன்று எழுதி வைத்த ஒரு தாளுக்கும் பெரும் பங்குண்டு.