குண்டின் நிறையும் கையின் உணர்வும்

கைத்துப்பாக்கி கொண்டு இலக்கெய்யும் போட்டிகளிற் கலந்துகொள்வோருட் பலர், கடையில் விற்கும் தோட்டாக்களோடு அமைதி கொள்ளாது, தமக்கு வேண்டியவற்றைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதினைப் பொறுக்கியெடுத்து, அதனை அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, அடியிலே புதிய கேப்பினைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துச் சொரிந்து, வாயிலே குண்டினை அழுத்தி முடிப்பது இவர்தம் வேலை. இந்நான்கும் சேர்ந்த முழுப்பொருளே தோட்டா. குழலினின்றும் வெளியே பாய்ந்து செல்வது குண்டு மாத்திரமே. இவ்வேறுபாட்டினை வாசகர் மனத்திலிருத்திக்கொள்ளல் நன்று. செலவு குறையும் என்பது இம்முயற்சிக்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், குண்டின் நிறையைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்பதாகும். எந்நிறை சிறந்தது என்னும் வினாவோ எளிதில் விடைபெறுவதன்று.

இத்துறையிலே நிறையைக் கிரெயின் என்னும் பழைய ஆங்கில அளவையாற் கூறுவர். 7,000 கிரெயின் ஓர் இறாத்தல்; ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெயின். இன்று பெருவழக்கிலுள்ள 9 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு 115, 124, 147 கிரெயின் என மூவகைக் குண்டுகள் பெரிதும் விற்கப்படுகின்றன. அமெரிக்கப் படையினர் நெடுங்காலம் பயன்படுத்திய 45 சுடுகலத்துக்கு 230 கிரெயின் குண்டே மரபாயது. அதனைக்கொண்டு தாளிலக்கைச் சுடும் போட்டியாளரோ 185 அல்லது 200 கிரெயின் குண்டினை மென்மையான வேகத்திற் செலுத்துவர். 38 ஸ்பெஷல் சுழல்துப்பாக்கிக்கு முன்முகம் தட்டையான 148 கிரெயின் ஈயக்குண்டு பெயர்பெற்றது. கூர்முனைக் குண்டு தாளைக் கிழித்துச் செல்ல, இத்தட்டைக் குண்டு அச்சாற் குத்தியது போன்ற வட்டத் துளையை இடும். துளை வளையக்கோட்டைத் தொட்டதா இல்லையா என்னும் வழக்கு அதனால் எழுவதில்லை.

தாளிலக்குப் போட்டியில் நிறையைத் தெரிவது பெரிதும் துல்லியத்தைப் பற்றியது. தோட்டாவுக்கு இவ்வளவு வலிமை வேண்டும் என்று அங்கே விதியில்லை. மேற்றகடு பின்சென்று அடுத்த தோட்டாவை ஏற்றினாற் போதும். விரைவும் துல்லியமும் ஒருங்கே மதிக்கப்படும் செயன்முறைச் சுடுதலிலேதான் சிக்கல் தோன்றுகின்றது. 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிலே ஜெஃப் கூப்பர் என்பாரை முதற்றலைவராகக் கொண்டு அமைந்த அனைத்துலகச் செயன்முறைச் சுடுதற் கூட்டமைப்பு, எளிய தோட்டாவைச் சுட்டு விரைவாக முடிப்பவன் வலிய தோட்டாவைச் சுடுபவனை இலகுவில் வெல்லாதிருக்க ஒரு விதி செய்தது. குண்டின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1,000 ஆல் வகுத்து வரும் எண்ணை வலுக்காரணி என்றனர். 125 இருந்தால் மைனர். திறந்த பிரிவிலே 160, ஸ்டாண்டர்ட் பிரிவிலே 170 இருந்தால் மேஜர். நடுவிடத்துக்குப் படுவதற்கு இருசாராருக்கும் 5 புள்ளி. அதற்கு வெளியே படின் மேஜருக்கு 4, மைனருக்கு 3.

பௌதிகம் பயின்ற மாணவர் இப்பெயரைக் கண்டு முகஞ்சுளிப்பர். வலு என்பது வேலை செய்யப்படும் வீதம். திணிவும் வேகமும் பெருகிய பெருக்கமோ உந்தம். பெயர் தவறினும் தெரிவு தவறன்று. 1742 இல் வெளியிட்ட தம் நூலில் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலேயர், தொங்கவிட்ட மரக்கட்டையிலே குண்டினைச் செலுத்தி, கட்டை எவ்வளவு ஊசலாடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்துக் காட்டினார். ஒயிலர் போன்ற பெருங் கணிதரே அந்நூலை 1745 இல் ஜேர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். குண்டு கட்டையிற் புதையும்போது அதன் சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாய் ஒழியும். உந்தமோ ஒழியாது கட்டைக்குச் செல்லும். செயன்முறைச் சுடுதலின் தொடக்ககாலப் போட்டிகளிலும் இவ்வூசலே தோட்டாவின் வலிமையை அளந்தது. மின்னணுக் காலமானி அதன் இடத்தைப் பிடித்தபின்னும், அளக்கப்படுவது அதே உந்தந்தான். இரும்பு இலக்கைச் சாய்ப்பதும் அதுவே.

இனி மூன்று குண்டுகளையும் 125 என்னும் ஒரே எல்லையில் நிறுத்திப் பார்ப்போம். 115 கிரெயின் குண்டு செக்கனுக்கு 1,087 அடி, அஃதாவது 331 மீற்றர் வேகத்திற் செல்லவேண்டும். 124 கிரெயின் குண்டுக்கு 307 மீற்றர். 147 கிரெயின் குண்டுக்கு 259 மீற்றர் போதும். மூன்றன் உந்தமும் ஒன்றே. சக்தியோ முறையே ஏறத்தாழ 409, 379, 320 யூல். இலேசான குண்டு கூடிய சக்தியைச் சுமப்பதால் அதுவே கையைக் கூடுதலாக உதைக்கும் எனச் சிலர் எழுதுவர்; அது பிழை. ஒரு கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி, குண்டின் உந்தத்துக்கு ஈடாகச் செக்கனுக்கு 2.5 மீற்றர் அளவிலே பின்வாங்கும். அதன் சக்தி 3 யூல் மாத்திரமே. 409 யூலும் குண்டோடு போகின்றது. கைக்கு வருவது இம்மூன்றே. குண்டொன்றையே கணக்கிற் கொண்டால், மூன்று தோட்டாக்களும் கையை ஒரே அளவில் உதைக்கவேண்டும்.

ஆயினும் சுடுவோர் அவ்வாறு கூறுவதில்லை. 147 கிரெயின் தோட்டா கையை மெல்லத் தள்ளுகின்றது என்றும், 115 கிரெயின் தோட்டா வெடுக்கென்று அடிக்கின்றது என்றுங் கூறுவர். இது வெறும் மயக்கமோ? அன்று. குழலினின்றும் வெளிப்படுவது குண்டு மாத்திரமன்று. எரிந்த மருந்தும் வாயுவாய் வெளிப்படுகின்றது. மருந்தின் நிறை ஒரு கிராமிற் சில பத்திலொரு பங்கேயாயினும், வாயு குண்டினும் விரைந்து பாய்வதால் அதன் உந்தத்தைப் புறக்கணித்தல் இயலாது. இலேசான குண்டை உயர்ந்த வேகத்துக்குக் கொணர மருந்து கூடுதலாக வேண்டும். பாரமான குண்டுக்குக் குறைவாக வேண்டும். எனவே விதி அளப்பது குண்டின் உந்தத்தை. கை உணர்வதோ குண்டோடு வாயுவின் உந்தத்தையுஞ் சேர்த்து. அளக்கப்படாத இவ்விடைவெளியிலேதான் போட்டியாளன் தன் வசதியைத் தேடுகின்றான். பாரக்குண்டு குழலில் நெடுநேரம் தங்குவதால் உதைப்பு மெதுவாகின்றது என்று கூறும் விளக்கமும் உண்டு. அவ்வேறுபாடு செக்கனிற் பதினாயிரத்தில் இரண்டு பங்களவே. நரம்பு அதனைப் பகுத்துணரும் என நான் நம்பவில்லை.

அந்நுண்ணிய காலம் கைக்குத் தெரியாவிடினும் இலக்குக்குத் தெரியும். குண்டு குழலைவிட்டு நீங்குமுன்னரே துப்பாக்கியின் வாய் மேலெழத் தொடங்கிவிடும். ஆதலாற் சற்றுத் தாமதித்து வெளிப்படும் பாரக்குண்டு, வழியிலே புவியீர்ப்பாற் கூடுதலாகத் தாழ்ந்தும், 25 மீற்றர் தூரத்துத் தாளிற் பெரும்பாலும் இலேசான குண்டுக்கு மேலேயே படுகின்றது. குண்டை மாற்றியவன் பார்வைக்குறியையும் திருத்தவேண்டும்.

மேற்கூறியவற்றாற் பாரக்குண்டே என்றுஞ் சிறந்தது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. திறந்த பிரிவிலே துப்பாக்கியின் வாயில் ஓர் ஈடுசெய்கருவியைப் பொருத்துவர். அதன் துளைகள் வாயுவை மேனோக்கிச் செலுத்தி, எழும் வாயைக் கீழே அழுத்தும். அக்கருவிக்கு வாயுவே உணவு. ஆகவே பிறர் குறைக்க முயலும் வாயுவை இவர்கள் விரும்பிக் கூட்டுகின்றனர். 124 போன்ற இலேசான குண்டையும் நிறைய மருந்தையும் தெரிகின்றனர். ஒரே பெருக்கல் விதி, இருவகைத் துப்பாக்கியிலே நேர்மாறான இரு தெரிவுகளைத் தோற்றுவித்தமை வியப்பன்றோ!

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். ஒரு குண்டுக்கென வகுத்த மருந்தளவை அதனினும் பாரமான குண்டுக்கு இடுதல் கூடாது. பாரக்குண்டு அசையத் தாமதிக்கும். வாயு விரிய இடமின்றி அமுக்கம் ஏறும். அன்றியும் அது நீளமானது. 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் கோது 19.15 மில்லிமீற்றரே நீளமுடையது. தோட்டாவின் முழுநீளமும் 29.69 மில்லிமீற்றரைக் கடத்தலாகாது. எனவே நீண்ட குண்டு கோதினுள்ளே ஆழ இறங்கி மருந்தின் இடத்தைக் கவரும். இச்சிறு கோதிலே குண்டு சற்றே கூடுதலாக இறங்கினும் அமுக்கம் மிக உயரும். 38 ஸ்பெஷலின் ஆபத்து வேறு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கரிமருந்துக்கேற்றவாறு அமைந்த பெருங்கோது அது. இக்காலப் புகையிலா மருந்து அதன் அடியிற் சிறிதளவே கிடக்கும். தவறி இருமுறை சொரிந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். சொரியவே மறந்தாலோ, கேப்பின் வலிமை மாத்திரம் குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆதலால் தேர்ந்தோர், குண்டை அழுத்துமுன் ஒவ்வொரு கோதினுள்ளும் எட்டிப் பார்ப்பர். மருந்தளவையோ அக்குண்டுக்கென மருந்து செய்வோர் வெளியிட்ட அட்டவணையிலன்றி வேறெங்குங் கொள்ளார்.

ஈற்றில் அளவுகாண் மேசை. போட்டி அதிகாரிகள் போட்டியாளனின் தோட்டாக்களுட் சிலவற்றைத் தாமே எடுத்து, ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுப்பர். மற்றவற்றைக் காலமானிக்கு முன்னே சுடுவர். 124 என்று விற்கப்பட்ட குண்டு 123 ஆக இருப்பின், செக்கனுக்கு 1,008 அடி வேகத்தில் வலுக்காரணியிலே முழுதாக ஒன்று குறையும். குளிர்ந்த காலையிற் சில மருந்துகள் வேகங் குன்றுவதும் உண்டு. மேஜர் எனக் கூறியவன் அதற்குக் குறைந்தால் மைனராக எண்ணப்படுவான். 125 ஐயும் எட்டாதவன் தொடர்ந்து சுடலாம், புள்ளி கிடையாது. ஓராண்டுப் பயிற்சி ஒரு கிரெயினாற் பாழாகும் இவ்விடத்தை அறிந்தவர், 125 ஐக் குறிவைப்பதில்லை. 130 அளவிலே நிரப்பிக்கொண்டு, அதனால் வரும் சிறிது கூடிய உதைப்பையும் பொறுத்துக்கொள்கின்றனர்.