நோயாளியின் ஏடும் நாட்டின் ஆராய்ச்சியும்

ஒரு தேசத்து ஜனங்களின் நோய்க் குறிப்புகள் யாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்து, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தொடர்புபடுத்தி வைத்தால் வைத்திய ஆராய்ச்சிக்கு அதனால் விளையும் நன்மை என்ன, தீமை என்ன என்னும் கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்திருக்கிறது. நமது நாட்டில் 2021-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தேச முழுமைக்கும் தொடங்கி வைக்கப்பட்டது. அது முதல் 14 இலக்கமுள்ள ஆபா எண் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஆகவே இதனை வைத்தியர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டுமென்று நாம் விட்டுவிடலாகாது. நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இத்தகைய ஏடு வேண்டும். ஆராய்ச்சிக்கு அது பயன்படவும் வேண்டும். ஆனால் ஏட்டுக்குரியவர் அறியாமல் அதனைத் திறப்பது அவருக்கு இழைக்கும் அநீதியாவதோடு, ஆராய்ச்சிக்கும் கேடாக முடியும்.

நன்மைக்கு டென்மார்க் தேசம் தக்க திருஷ்டாந்தம். அந்நாட்டில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, தடுப்பூசி போட்டுக்கொண்டது முதலிய விவரங்களை அவ்வெண்ணைக் கொண்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிஸம் உண்டாகிறதென்னும் பீதி, வெறும் 12 குழந்தைகளைப் பற்றி 1998-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அக்கட்டுரை 2010-இல் வாபஸ் பெறப்பட்ட பின்னும் பீதி ஓயவில்லை. டென்மார்க் ஆராய்ச்சியாளர்களோ 1999 முதல் 2010 முடியத் தம் நாட்டில் பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஊசி போட்ட குழந்தைகளிடை ஆட்டிஸம் அதிகமில்லையென்று 2019-இல் காட்டினார்கள். ஆறரை லட்சம் குழந்தைகளை வருஷக்கணக்காகத் தேடிப்போய்ப் பார்ப்பது எந்த ஆராய்ச்சிச் சாலைக்கும் இயலாத காரியம். அபூர்வமாக நேரும் தீங்கு உண்டா இல்லையா என்பதை நிர்ணயிக்க நாடு முழுதும் பரந்த ஏட்டைப் போன்ற சாதனம் வேறில்லை.

இனி, புது மருந்தைப் பரீட்சிக்கும் முறைக்கு வருவோம். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்து கொடுத்தும் மற்றப் பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் செய்தும் ஒப்பிடுவதே சரியான முறை. இதற்குப் பெரும் பொருளும் பல வருஷமும் செலவாவது வழக்கம். 2020 மார்ச் மாதத்தில் கோவிட் நோய் பிரிட்டனைத் தாக்கிய சமயம், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே என்னும் இருவரது தலைமையில் 'ரிகவரி' என்ற பரிசோதனை தொடங்கிற்று. நோயாளியிடமோ, அவர் பேச இயலாத நிலையிலிருந்தால் அவருக்காகச் சம்மதிக்க உரியவரிடமோ சம்மதம் பெற்றே சேர்த்தார்கள். அதன் பின் அவருக்கு நேர்ந்ததை அறியத் தேசியப் பதிவேடுகளையும் துணைக்கொண்டதால், வைத்தியர்கள் நிரப்ப வேண்டிய காகிதம் மிகக் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முடிவு கிடைத்துவிட்டது. டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாச யந்திரத்திலிருந்த நோயாளிகளில் நூற்றுக்கு 41 பேர் இறந்த இடத்தில் 29 பேராகச் சாவைக் குறைத்ததென்று கண்டார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயனில்லை என்பதும் தெரிந்தது. அவ்வருஷம் ஜூன் 16-ந் தேதி வெளியான இச்செய்தி உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றிற்று.

இவ்வளவு பயனுள்ள ஏடு கையிலிருந்தால் பரிசோதனையே எதற்கு, பதிவுகளைக் கூட்டிக் கழித்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. வைத்தியர் ஒருவர் ஒரு மருந்தை எல்லோருக்கும் ஒரே விதமாகக் கொடுப்பதில்லை. நிலைமை மோசமானவருக்கே முதலில் கொடுப்பார். பின்பு ஏட்டைப் பார்ப்பவனுக்கு, மருந்துண்டவர்கள் அதிகம் பேர் இறந்ததாகத் தோன்றும். மருந்துதான் கொன்றதென்று முடிவு செய்துவிடுவான்.

ஏட்டில் உள்ளது மெய்தானா என்பது வேறொரு கேள்வி. 2020 மே 22-ந் தேதி 'லான்செட்' என்னும் பெயர்பெற்ற வைத்தியப் பத்திரிகையில், 671 ஆஸ்பத்திரிகளில் 96,032 நோயாளிகளின் மின்பதிவுகளை ஆராய்ந்ததாகச் சொல்லி, ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்தால் கோவிட் நோயாளிகளுக்குச் சாவு மிகுகிறதென்று ஒரு கட்டுரை பிரசுரமாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் தனது பரிசோதனையில் அம்மருந்தைச் சில நாள் நிறுத்தியும் வைத்தது. அப்பதிவுகளைக் காட்டுங்களென்று பலர் கேட்டபோது, அவற்றைத் தொகுத்ததாகக் கூறிய அமெரிக்கக் கம்பெனி காட்ட மறுத்தது. ஜூன் 4-ந் தேதி கட்டுரை வாபஸாயிற்று. மறுநாளே, அம்மருந்தால் நோயாளிகளுக்குப் பயனில்லையென்று ரிகவரி பரிசோதனை முறைப்படி கண்ட முடிவை வெளியிட்டது. பிறர் சோதித்துப் பார்க்க இடங்கொடாத ஏடு எத்தனை பெரிதாயினும் அதனை நம்புவதற்கில்லை.

இங்கிலாந்திலேயே நடந்த மற்றொரு சம்பவத்தையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். குடும்ப வைத்தியர்களிடமுள்ள குறிப்புகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டும் 'கேர்.டேட்டா' என்னும் திட்டத்தை 2013-இல் அந்நாட்டுச் சர்க்கார் வகுத்தனர். 2014 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் துண்டுப் பிரசுரம் அனுப்பினர். அப்பிரசுரத்தில் திட்டத்தின் பெயருமில்லை, மறுப்பதற்கான படிவமுமில்லை. அது தங்கள் கைக்கு வரவேயில்லை என்றவர் பலர். ஆஸ்பத்திரிப் பதிவுகள் இன்ஷூரன்ஸ் கணக்கர் சங்கமொன்றுக்குக் கொடுக்கப்பட்ட செய்தியும் அதே சமயம் வெளிவந்தது. பிப்ரவரியில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2016 ஜூலையில் அடியோடு கைவிடப்பட்டது. அதற்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கள் குறிப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அப்படி விலகுவோர் எல்லா வகுப்பிலும் சம அளவினராக இரார். ஆதலால் எஞ்சிய ஏடு நாட்டின் உண்மை உருவத்தைக் காட்டாது. அதிலிருந்து பெறும் முடிவும் கோணலாகிவிடும்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பென் கோல்டேக்கரும் அவரது சகாக்களும் 2020-இல் அமைத்த 'ஓப்பன்சேஃப்லி' இதற்கு ஒரு பரிகாரம் காட்டிற்று. அதில் குறிப்புகள் இருந்த இடத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆராய்ச்சியாளர் தமது கணக்கீட்டு முறையை எழுதி அனுப்ப, அது அங்கேயே நடந்து, மொத்தத் தொகையாகிய விடை மட்டும் திரும்பி வரும். எவர் எதற்காகக் கேட்டார் என்பது யாவரும் காணும்படி வெளியிடப்படுகிறது. இம்முறையில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரின் பதிவுகளை ஆராய்ந்து, கோவிட் நோயால் யாருக்கு ஆபத்து மிகுதி என்பதைச் சில மாதங்களில் கண்டார்கள். அந்தரங்கத்தைக் காத்தால் ஆராய்ச்சி தடைப்படும் என்னும் கூற்றுக்கு இதுவே பதில்.

நமது தேசத்துக்கு வருவோம். சம்மதம் என்பது நம்மவரிடை எவ்வளவு மலிவாகக் கருதப்படுகிறதென்பதற்குப் பழைய சாட்சியம் இருக்கிறது. ஆந்திரத்தில் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தில் வடோதராவிலும் 2009-இல் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆராய்ச்சி தொடங்கி, 2010-இல் நிறுத்தப்பட்டது. கம்மத்தில் விடுதி மாணவிகள் பலருக்குப் பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் இட்டிருந்ததைப் பார்லிமெண்டு கமிட்டி 2013-இல் கண்டித்தது. அத்தடுப்பூசி நல்லதா என்பது இங்கு கேள்வியன்று. நல்ல மருந்தும் கேளாமல் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடமாகும் என்பதே பாடம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின் வந்ததே 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 6-வது பிரிவு, சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சாஸனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள தமிழ் முதலிய மொழிகளிலோ பெற இடமளிக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் 17-வது பிரிவைப் படித்தால், விதித்த தரங்களுக்கு உட்பட்டு, தனி மனிதரைப் பற்றி எவ்வித முடிவும் செய்யாமல் நடத்தும் ஆராய்ச்சிக்கு இச்சட்டமே பொருந்தாதென்று காண்கிறது. ஒரு பிரிவில் கொடுத்த உரிமை, ஆராய்ச்சியென்று சொன்ன மாத்திரத்தில் மற்றொரு பிரிவில் கழன்றுவிடுவதா? சட்டம் கட்டங் கட்டமாக அமலுக்கு வரும்படி ஏற்பாடாகியிருக்கும் இச்சமயமே இதைக் கேட்பதற்குரிய சமயம்.

பாமர ஜனங்களுக்கு இவையெல்லாம் விளங்காவென்று சொல்வோர் உண்டு. நிலப் பத்திரத்தில் ஒரு சொல் மாறினாலும் கண்டுபிடிக்கும் குடியானவனுக்குத் தன் உடம்பைப் பற்றிய பத்திரம் விளங்காதென்பது பொருந்தாது. விளங்கும் பாஷையில் எழுதுவார் இல்லையென்பதே குறை.

ஆகவே நாம் கோருவன இவை. ஆபா எண் கொடுக்கும் இடத்திலேயே, குறிப்பு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அந்தந்த மாகாண பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுப்பவருக்குச் சிகிச்சையில் யாதொரு குறைவும் நேரலாகாது. குறிப்புகளை எவரும் வெளியே கொண்டு போகாதபடி வைத்து, எவர் எதற்காகப் பார்த்தார் என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இன்ஷூரன்ஸ் வியாபாரத்துக்கும் மருந்து விற்பனைக்கும் அவற்றைத் திறந்து விடலாகாது. மருந்துப் பரிசோதனைக்குத் தனியே சம்மதம் பெற வேண்டும். ஆராய்ச்சியில் கண்ட முடிவும் குறிப்பைக் கொடுத்த ஜனங்களுக்கே அவர்கள் பாஷையில் திரும்பி வர வேண்டும்.

காச நோயும் நீரிழிவும் வாட்டும் இந்நாட்டில், நமது உடம்புக்கு ஏற்ற மருந்து எது என்பதை நமது ஏடுகளே நமக்குச் சொல்ல வல்லவை. அந்த ஏட்டை ஜனங்கள் மனமுவந்து கொடுக்கும்படி செய்வது சர்க்காரின் கடமை. அங்ஙனம் செய்யாத இடத்தில் கேள்வி கேட்பது நமது கடமை.