பகல் காவலுக்குத் தட்டான், இரவுக் காவலுக்கு வௌவால்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கண்மாய்ப் பாசன வயல்களின் மேல் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டியதும் அங்கே சிறு வௌவால்கள் வட்டமிடும். இரண்டும் கூலி கேட்காத காவற்காரர்கள். ஆனால் இவற்றின் வாழ்க்கை முறை வேறு வேறு.

தட்டான்

இத்தட்டானின் அறிவியல் பெயர் பாண்டலா ஃப்ளேவசென்ஸ். பருவக்காற்றோடு இடம்பெயரும் இனம். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்து செல்வதாக 2009-இல் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். கொசு, சிறு அந்துப்பூச்சி முதலியவற்றைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். தேங்கிய மழைநீரில் முட்டையிடும். நீரில் வாழும் இளம்பருவம் கொசுப்புழுக்களைத் தின்று, சுமார் 40 முதல் 65 நாட்களில் தட்டானாகும்.

வௌவால்

ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் குகைகளிலும் பழைய கட்டடங்களிலும் தங்கும். எடை சுமார் 10 கிராம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் ஆராய்ந்த இனம் இது. நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் பூச்சியைக் கண்டுபிடிக்கும். பழத்தைத் தொடாது. நெல் குருத்துப்பூச்சியின் தாய் அந்து நடமாடுவதும் இரவில்தான்.

தாய்லாந்தில் வேறொரு பூச்சியுண்ணும் வௌவால் இனம் தத்துப்பூச்சிகளைத் தின்பதால், ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் நெல் காப்பாற்றப்படுவதாக 2014-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எது எளிதில் மீளும்?

மருந்தால் தட்டான் அழிந்தாலும், அடுத்த மழைக்கு வேறிடத்திலிருந்து வந்து சேரக்கூடும். வௌவால் அப்படியல்ல, ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. புகை போட்டு விரட்டிய கூட்டம் பழைய எண்ணிக்கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

செய்ய வேண்டியவை

* குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது தூர்விடும் பருவத்தில் 10 சதம் நடுக்குருத்துக் காய்தல் என்ற அளவை எட்டும் முன் மருந்து அடிக்க வேண்டாம்.
* மருந்து கலந்த நீரை ஊருணியிலும் கண்மாயிலும் வடியவிடக் கூடாது.
* வௌவால் அடையும் இடத்தில் தீயோ புகையோ வேண்டாம். வௌவாலைக் கையால் தொடாதீர்கள். எச்சத்தைக் கிளற நேர்ந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் எல்லாப் பூச்சியையும் ஒழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவை தின்னும் அளவுக்கு மருந்துச் செலவு மிச்சம். வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளியிலும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பரிவில் ஒரு பங்கை வௌவாலுக்கும் தட்டானுக்கும் கொடுத்தால், பலன் நம் வயலுக்கே.