படுத்தா கால் குடையுதா? ‘பெரிட்டின்’ பாருங்க!

பகலெல்லாம் உழைச்சிட்டு ராத்திரி படுத்தால், காலில் பூச்சி ஊறுவது போல குடைச்சல். எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் திரும்ப வரும். இதற்கு வலி மாத்திரை வாங்கிப் போடுவதில் பயனில்லை. பலருக்கு இரும்புச்சத்து குறைவே காரணம்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பில் சேமிப்பு இரும்பு குறையலாம். அதை காட்டுவது ‘பெரிட்டின்’ ரத்தப் பரிசோதனை. 75-க்குள் இருந்தால் டாக்டர்கள் இரும்பு மாத்திரையோ, ஊசியோ தருவார்கள். மாத்திரையை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது. டெஸ்ட் எடுக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை போடாதீங்க.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் முதலில் நன்றாக கேட்கும். நாள்பட சாப்பிட்டால் சிலருக்கு குடைச்சல் சாயங்காலமே ஆரம்பித்து கைக்கும் பரவும். அதனால்தான் 2025-ல் அமெரிக்க தூக்க மருத்துவ நிபுணர்கள் காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளுக்கு முதலிடம் தந்தனர். ஏற்கனவே பழைய மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தக்கூடாது; டாக்டரை கேட்டு குறைக்கணும்.